பதினான்காம் குழுவின் தலைவர் நாற்காலி

2019 அக்டோபர் 28-ஆம் நாள் பாலக்காடு மாவட்டம் அட்டப்பாடியில், அகளியை அடுத்த மஞ்சிக்கண்டிக் காட்டில், கேரளக் காவல்துறையின் தண்டர்போல்ட் படை மூன்று மாவோயிஸ்டுகளைச் சுட்டுக் கொன்றது. மறுநாள் அதே காட்டில் நான்காமவராக மணிவாசகம் கொல்லப்பட்டார். அவர் சேலம் மாவட்டத்தைச் சேர்ந்தவர். இறந்தவர்கள் இன்னார் என்று முதலில் வெளியான பெயர்களுள் சில பின்னர் மாறின. மாண்டவராகக் கருதப்பட்ட கர்நாடகப் பெண் ஒருவர் சில மாதங்களுக்குப் பின் உயிருடன் கைதானார். யாரைச் சுட்டோம் என்பதே உடனடியாகத் தெளிவாகாத ஒரு நடவடிக்கை, எவ்வாறு சுட்டோம் என்பதைப் பற்றி மட்டும் முதல் நாளிலிருந்தே உறுதியாகப் பேசியது.

அதன்பின் கேள்வி கேட்டவர்கள் யாவர் என்பதை வரிசைப்படுத்திப் பார்த்தால் ஒன்று விளங்கும். ஆளும் கூட்டணியிலேயே அங்கம் வகித்த இந்தியக் கம்யூனிஸ்ட் கட்சி தன் குழுவொன்றை அட்டப்பாடிக்கு அனுப்பி, நடந்தது போலி மோதல் என்று கூறியது. உறவினர்கள் நீதிமன்றப் படி ஏறினர். நிர்வாக நடுவர் விசாரணைக்கு உத்தரவாயிற்று. சட்டமன்றக் கூட்டத்தொடர் நடந்துகொண்டிருந்த நாள்கள் அவை. எதிர்க்கட்சியினர் ஒத்திவைப்புத் தீர்மானம் கொண்டுவர முயன்றனர். உள்துறையையும் தம் கையில் வைத்திருந்த முதலமைச்சர் பினராயி விஜயன், காவலர்கள் தற்காப்புக்காகச் சுட்டனர் என்று அவையில் விடையளித்தார். கட்சி கேட்டது, குடும்பம் கேட்டது, நீதிமன்றம் கேட்டது, அவையும் ஒரு பொழுது கேட்டது. இதற்கென்றே அவைக்குள் ஒரு குழு இருக்கிறது என்பது மட்டும் எவருடைய பேச்சிலும் பெரிதாக அடிபடவில்லை.

அக்குழுவின் பெயர் பதினான்காம் பொருள்வாரிக் குழு. மலையாளத்திலும் ‘சப்ஜெக்ட் கமிட்டி’ என்றே வழங்கும். பொருள், உள்துறை விவகாரங்கள்.

இக்குழு முறையின் வரலாறு கேரளத்துக்குப் பெருமை சேர்ப்பது. நாடாளுமன்றத்தில் துறைசார் நிலைக்குழுக்கள் முழுவடிவில் வந்தது 1993-இல்தான். அதற்குப் பதின்மூன்று ஆண்டுகளுக்கு முன்பே, ஏ.பி. குரியன் சபாநாயகராக இருந்த 1980-இல், கேரளச் சட்டமன்றம் பொருள்வாரிக் குழுக்களை அமைத்துவிட்டது. இந்திய மாநிலங்களில் அதுவே முதல் முயற்சி. முதலில் பத்து, இன்று பதினான்கு. வரவு செலவுத் திட்டத்தின் மானியக் கோரிக்கைகள் இக்குழுக்களுக்குச் செல்கின்றன, மசோதாக்கள் செல்கின்றன. மலைக்கு இந்தப் பக்கம் தமிழ்நாட்டுச் சட்டமன்றத்தில் பொதுக் கணக்குக் குழு, மதிப்பீட்டுக் குழு, உறுதிமொழிக் குழு எனப் பல உண்டு. துறைவாரி நிலைக்குழு என்னும் ஏற்பாடே கிடையாது. காவல்துறை மானியக் கோரிக்கை அவையிலேயே விவாதிக்கப்பட்டு, அமைச்சரின் பதிலுரையோடு நிறைவேறிவிடும். ஆகவே கேரளத்தைக் குறை சொல்லப் புகும் தமிழர் எவரும் முதலில் தம் வீட்டைப் பார்த்துக்கொள்வது நல்லது.

ஆயினும் கேரளக் குழு முறையில் ஒரு முள் இருக்கிறது. ஒவ்வொரு பொருள்வாரிக் குழுவுக்கும் அந்தத் துறையின் அமைச்சரே பதவிவழித் தலைவர். வேளாண்மைக் குழுவுக்கு வேளாண் அமைச்சர். கல்விக் குழுவுக்குக் கல்வி அமைச்சர். உள்துறைக் குழுவுக்கு உள்துறையை வைத்திருப்பவர். முதலமைச்சரிடம் உள்துறை இருந்தால் முதலமைச்சரே தலைவர். மஞ்சிக்கண்டி நிகழ்வை அக்குழு எடுத்துப் பேசியிருந்தால், அவையில் காவல்துறைக்காக விடை சொன்னவரே அறைக்குள் தலைவர் நாற்காலியில் அமர்ந்து, காவல்துறையைக் கேள்வி கேட்கும் உறுப்பினர்களுக்குப் பேச நேரம் ஒதுக்கியிருப்பார்.

இதை எந்தக் கட்சியின் சூழ்ச்சியாகவும் கருத வேண்டியதில்லை. இடதும் வலதும் மாறி மாறி ஆண்ட நாற்பது ஆண்டுகளாக இருக்கும் விதி இது. எதிர்க்கட்சியில் இருக்கும்போது கசப்பதும் ஆளுங்கட்சியானதும் இனிப்பதும் இத்தகைய விதிகளின் இயல்பு. இதற்கு ஆதரவாகச் சொல்லப்படும் வாதத்திலும் ஓரளவு பொருள் உண்டு. அமைச்சர் தாமே அமர்ந்திருந்தால் அதிகாரிகள் மழுப்ப மாட்டார்கள். குழு ஒரு பரிந்துரையைச் செய்தால் அதை ஏற்க வேண்டியவர் எதிரிலேயே இருக்கிறார். தில்லியில் நிலைக்குழு எழுதிய அறிக்கை அமைச்சகத்தின் அலமாரியில் உறங்குவது போல இங்கு உறங்காது. சாலைக்கும் நெல் கொள்முதலுக்கும் இந்த வாதம் பொருந்தக்கூடும். அரசு தன் குடிமக்கள் மீது வன்முறையைக் கையாளும் அதிகாரத்துக்கு இது பொருந்தாது. நெல் கொள்முதலில் பிழை நேர்ந்தால் அமைச்சருக்கு அதைத் திருத்துவதில் ஆதாயம் உண்டு. துப்பாக்கிச் சூட்டில் பிழை நேர்ந்தால் அதை மறைப்பதில்தான் ஆதாயம் மிகுதி.

இதே சட்டமன்றத்தின் மற்றொரு குழுவை அருகில் வைத்துப் பார்த்தால் வேறுபாடு பளிச்சென்று தெரியும். பொதுக் கணக்குக் குழுவின் தலைமை எதிர்க்கட்சிக்கு என்பது மரபு. 2020 பிப்ரவரியில் அவையில் வைக்கப்பட்ட தலைமைக் கணக்குத் தணிக்கையரின் அறிக்கை, திருவனந்தபுரம் சிறப்பு ஆயுதக் காவல் படையணியில் 25 துப்பாக்கிகளும் 12,061 தோட்டாக்களும் கணக்கில் இல்லை என்றது. மாநிலமே அதிர்ந்தது. துப்பாக்கிகள் இருக்கின்றன, பதிவில்தான் பிழை என்று காவல்துறை மறுத்தது. பின்னர் குற்றப்பிரிவு துப்பாக்கிகளை எண்ணிக் காட்ட வேண்டியதாயிற்று. முடிவு எதுவாயினும், காவல்துறை வெளியாருக்குக் கணக்குச் சொல்ல நேர்ந்தது. தணிக்கையர் அறிக்கை அடுத்துப் போய்ச் சேரும் பொதுக் கணக்குக் குழுவிலும் தலைவர் நாற்காலியில் அமைச்சர் இல்லை. கிடங்கில் இருக்க வேண்டிய தோட்டாவைப் பற்றிக் கேட்க இப்படியொரு வழி இருக்கிறது. காட்டில் வெடித்த தோட்டாவைப் பற்றிக் கேட்க அது இல்லை.

இடுக்கியின் பக்கம் வருவோம். 2019 ஜூனில் பண மோசடி வழக்கொன்றில் நெடுங்கண்டம் காவல் நிலையத்தில் பிடித்துவைக்கப்பட்ட ஒருவர், முறையான கைது பதிவாகும் முன்பே நாள்கணக்கில் அங்கே வைக்கப்பட்டு, பின் பீருமேடு கிளைச் சிறைக்கு அனுப்பப்பட்டு, 21-ஆம் நாள் இறந்தார். காவல் நிலையம், மருத்துவமனை, நடுவர், சிறை என நான்கு வாசல்களைக் கடந்து சென்ற உடல் அது. ஒரு வாசலிலும் எவரும் நிறுத்திப் பார்க்கவில்லை. நீதிபதி கே. நாராயண குருப் ஆணையம் அமைந்தது. ஆணையம் உடலைத் தோண்டியெடுத்து மறுமுறை பிணக்கூறாய்வு செய்வித்தது. 2021 ஜனவரியில் அறிக்கை தந்தது. காவல் சித்திரவதையே சாவுக்குக் காரணம் என்றது. வழக்கு மத்தியப் புலனாய்வு அமைப்பிடம் சென்றது.

ஆணையம் தன் வேலையைச் செய்தது, அதில் குறையில்லை. சட்டமன்றம் இதில் எங்கே வருகிறது என்று பாருங்கள். 1952-ஆம் ஆண்டு விசாரணை ஆணையங்கள் சட்டப்படி, அறிக்கையையும் அதன்மேல் எடுத்த நடவடிக்கைக் குறிப்பையும் அரசு ஆறு மாதத்துக்குள் சட்டமன்றத்தின் முன் வைக்க வேண்டும். வைப்பதோடு சட்டம் நின்றுவிடுகிறது. வைத்த காகிதம் தாமதமாக வந்ததா என்று பார்க்க அவையில் ஒரு குழு உண்டு. அமைச்சர் கொடுத்த உறுதிமொழி நிறைவேறியதா என்று பார்க்க இன்னொரு குழு உண்டு. அந்த அறிக்கை சுட்டிய நோய் பீருமேட்டிலும் உடும்பன்சோலையிலும் தேவிகுளத்திலும் உள்ள மற்றக் காவல் நிலையங்களில் இருக்கிறதா, மலைத் தாலுகாவில் பிடிபட்டவரை இருபத்துநான்கு மணி நேரத்துக்குள் நடுவர் முன் கொண்டுசெல்ல வண்டியும் ஆளும் இருக்கின்றனவா, கிளைச் சிறையில் மருத்துவர் உண்டா என்று ஆண்டுதோறும் போய்ப் பார்க்க வேண்டியது பதினான்காம் குழு. அதன் தலைவர் உள்துறை அமைச்சர். மறுபடியும் அதே நாற்காலி.

கேள்வி கேட்கும் பொறுப்பை அவைக்கு வெளியே தள்ளிவிடும் இப்பழக்கம் கேரளம் பிறப்பதற்கு முன்பே தொடங்கியது. 1954-இல் தேவிகுளம், பீருமேடு உள்ளிட்ட தமிழ்ப் பகுதிகளைச் சென்னை மாநிலத்தோடு இணைக்கக் கோரித் திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ் போராடியது. மூணாற்றில் நேசமணி கைதானார். ஆகஸ்ட் 11 அன்று மார்த்தாண்டம், புதுக்கடைப் பகுதிகளில் காவல்துறை சுட்டதில் பலர் மாண்டனர். அப்போது ஆட்சியில் இருந்தது பட்டம் தாணுப்பிள்ளையின் பிரஜா சோஷலிஸ்ட் அமைச்சரவை. அதைப் பதவி விலகச் சொல்லி மிகக் கூர்மையாகக் கேட்டவர், அதே கட்சியின் பொதுச் செயலாளராக இருந்த ராம் மனோகர் லோகியா. அமைச்சரவை விலகவில்லை, ஒரு நீதிபதியைக் கொண்டு விசாரணை நடந்தது, கட்சி பிளவுபட்டது. கட்சியின் மனச்சான்று, நீதிபதியின் ஆணையம் என 1954-இல் இருந்த அதே இரண்டு கருவிகளை 2019-லும் நம்பியிருப்பது வியப்புக்குரியதுதான்.

எல்லை என்பது இச்சிக்கலை இரட்டிப்பாக்குகிறது. அட்டப்பாடியின் காடு ஆனைகட்டியில் முடிவதில்லை. சின்னாற்றிலும் போடிமெட்டிலும் கம்பம்மெட்டிலும் குமுளியிலும் சோதனைச்சாவடிக்கு இருபுறமும் ஒரே மக்கள் வாழ்கின்றனர், உறவு கொள்கின்றனர், கூலிக்குப் போகின்றனர். காவல்துறைகள் எல்லை தாண்டி ஒத்துழைக்கின்றன, தகவல் பரிமாறுகின்றன, கூட்டுத் தேடுதல் நடத்துகின்றன. கண்காணிப்பு மட்டும் எல்லையில் நின்றுவிடுகிறது. திருவனந்தபுரத்தின் குழு தேனிக் காவல்துறையிடம் கேட்க முடியாது. சென்னையில் கேட்பதற்குத் துறைவாரிக் குழுவே இல்லை. இரு மாநிலங்களும் ஒன்றாக அமரும் தென்மண்டலக் கவுன்சில் 1956-ஆம் ஆண்டு மாநில மறுசீரமைப்புச் சட்டத்தில் பிறந்தது. அதன் தலைவர் ஒன்றிய உள்துறை அமைச்சர். உறுப்பினர்கள் முதலமைச்சர்களும் அமைச்சர்களும். எதிர்க்கட்சி உறுப்பினர் ஒருவருக்கும் அங்கே இடமில்லை.

2011 டிசம்பரில் இதன் விளைவு கண்கூடாயிற்று. முல்லைப் பெரியாறு அணைப் பூசல் மூண்டபோது குமுளி எல்லை பற்றியெரிந்தது. இடுக்கி ஏலத்தோட்டங்களில் வேலை செய்த தமிழ்த் தொழிலாளர் குடும்பங்கள் காட்டு வழியே தேனிக்கு நடந்தன. கம்பம் பள்ளத்தாக்கில் மலையாளிகளின் கடைகளும் தோட்டங்களும் தாக்கப்பட்டன. டிசம்பர் 9-இல் கேரளச் சட்டமன்றமும் 15-இல் தமிழ்நாட்டுச் சட்டமன்றமும் தீர்மானங்கள் நிறைவேற்றின. இரண்டும் அணையைப் பற்றியவை, நீர்மட்டத்தைப் பற்றியவை. அடிபட்டு ஓடியவர்களைக் காக்க வேண்டிய காவல்துறை அந்த இரண்டு வாரங்களில் என்ன செய்தது என்னும் கேள்வி அத்தீர்மானங்களின் பொருளாக இல்லை. நீருக்காக ஒன்றுபட்டு எழுந்த இரண்டு அவைகளும் அந்த மக்களுக்காக ஒரு கூட்டுக்குழுவை அனுப்பியிருந்தால், அடுத்த பூசலின்போது எடுத்துப் பார்க்க ஓர் ஆவணமாவது எஞ்சியிருக்கும்.

மொழியின் இடமும் இங்கேதான் வருகிறது. அதைச் சில்லறைச் செய்தியாக எவரும் ஒதுக்க வேண்டாம். 1969-ஆம் ஆண்டு கேரள ஆட்சிமொழிகள் சட்டம் தமிழ், கன்னடச் சிறுபான்மையினர் தம் மொழியிலேயே அரசுக்கு எழுதலாம், அதே மொழியில் பதில் பெறலாம் என்கிறது. ஏனைய மொழிச் சிறுபான்மையினர் ஆங்கிலத்தில் எழுதலாமாம். இதன்படி, மஞ்சிக்கண்டிக்கு அருகே துப்பாக்கி ஒலி கேட்ட ஓர் இருளர், தாம் கேட்டதைத் தம் தாய்மொழியில் சொல்ல உரிமையற்றவர். மலையாளம் வேண்டாமென்றால் அவருக்குச் சட்டம் காட்டும் மாற்று வழி ஆங்கிலம்! இச்சட்டம் பேசுவது கடிதப் போக்குவரத்தைப் பற்றி. வாய்மொழிச் சாட்சியத்தைப் பற்றி இது ஒன்றும் சொல்லவில்லை. காவல்துறையின் ஆவணம் மலையாளத்தில் இருக்கிறது. தோட்டத் தொழிலாளி தமிழில் பேசுகிறார். எழுதுபவர் தமக்குப் புரிந்ததை எழுதிக்கொள்கிறார். ‘பிடித்துக்கொண்டு போனார்கள்’ என்று வாயால் சொன்னது ‘அழைத்துச் சென்றனர்’ என்று தாளில் ஏறினால், சட்டத்தின் கண்ணில் அவை இரு வேறு நிகழ்ச்சிகள்.

மொழிபெயர்ப்பு எவ்வளவு கனமானது என்பதை அந்தச் சட்டமன்றமே அறியும். 2021 மே மாதம் தேவிகுளம் உறுப்பினர் ஏ. ராஜா தமிழில் பதவியேற்றார். அவர் கையில் தரப்பட்ட தமிழ் வாசகத்தில் உளமார உறுதிகூறுவதைக் குறிக்கும் சொல் விடுபட்டிருந்தது. பிழை மொழிபெயர்த்த அலுவலகத்துடையது. ஆனாலும் உறுதிமொழி செல்லாது என்றாகி, ஜூன் 2-ஆம் நாள் அவர் மீண்டும் உறுதிமொழி ஏற்றார். முறையாகப் பதவியேற்காமல் அவையில் அமர்ந்த நாள்களுக்குத் தண்டத்தொகையும் கட்டினார். ஓர் உறுப்பினரின் நாவில் ஒரு சொல் குறைந்ததை இவ்வளவு நுட்பமாகக் கண்டுபிடித்த அவை, நெடுங்கண்டத்திலோ அகளியிலோ ஓர் ஏழையின் வாக்குமூலத்தில் எத்தனை சொற்கள் குறைகின்றன என்பதைக் கண்டறியவும் ஆற்றல் உடையதே.

உள்நாட்டுப் பாதுகாப்பு இரகசியமானது, அரசியல்வாதிகளின் குழுவிடம் திறந்து காட்ட முடியாது என்னும் மறுப்பு எப்போதும் எழும். நாளை நடக்கவிருக்கும் தேடுதலை இன்று குழுவுக்குச் சொல்லும்படி எவரும் கேட்கவில்லை. நடந்து முடிந்ததைப் பற்றியதே பேச்சு. அதையும் மூடிய அறையில் பேசலாம். பிரிட்டனில் உளவுத்துறைகளையே கண்காணிக்கும் நாடாளுமன்றக் குழு 1994-ஆம் ஆண்டுச் சட்டத்தில் உருவாயிற்று, 2013-இல் வலுப்பெற்றது, அமைச்சர் எவரும் அதில் உறுப்பினராகவே முடியாது. அமெரிக்கா மறுகோடிக்குப் போன நாடு: செப்டம்பர் 11 தாக்குதல் பற்றிய ஆணையம் 2004-இல் தந்த அறிக்கை, உள்நாட்டுப் பாதுகாப்புத் துறை 88 குழுக்களுக்கும் துணைக்குழுக்களுக்கும் விடை சொல்லிக்கொண்டிருக்கிறது என்று முறையிட்டது. எண்பத்தெட்டு வேண்டாம், ஒழுங்கான ஒன்று போதும்.

நம் தில்லியிலேயே முன்மாதிரி இருக்கிறது. மாநிலங்களவையின் பொறுப்பில் இயங்கும் உள்துறை நிலைக்குழுவில் அமைச்சர் உறுப்பினராக முடியாது. நெடுங்காலம் அதன் தலைமை எதிர்க்கட்சியினரிடம் இருந்தது, ப. சிதம்பரமும் ஆனந்த் சர்மாவும் தலைமை தாங்கினர். 2022-இல் அது ஆளுங்கட்சியின் கைக்கு மாறியது. அந்த முறையிலும் ஓட்டைகள் பல. அன்றாட நிர்வாகத்தைக் குழு தொடக்கூடாது; பரிந்துரைகள் அரசைக் கட்டுப்படுத்தா; 2019-இல் சட்டவிரோதச் செயல்கள் தடுப்புச் சட்டத் திருத்தத்தைக் குழுவுக்கு அனுப்பக் கோரியது மாநிலங்களவையில் தோற்கடிக்கப்பட்டது. தில்லி முறையை அப்படியே பெயர்த்துக்கொண்டு வந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று நம்புவதற்கில்லை. ஆனால் கேட்பவரும் விடைசொல்பவரும் வேறு வேறு ஆள்கள் என்னும் முதற்படியை அது ஏறிவிட்டது.

நீதிமன்றம் போதாதா என்பாரும் உளர். மோதல் சாவுகள் பற்றி 2014-இல் உச்ச நீதிமன்றம் வகுத்த பதினாறு நெறிமுறைகள் தனி விசாரணை, நடுவர் விசாரணை, மனித உரிமை ஆணையத்துக்கு அறிவிப்பு என எல்லாவற்றையும் சொல்கின்றன. அவற்றில் சட்டமன்றம் என்னும் சொல்லுக்கு வேலையில்லை. நீதிமன்றம் தன் முன் வந்த ஒரு சாவை ஆராயும். 2016 நவம்பருக்கும் 2020 நவம்பருக்கும் இடையில் நிலம்பூர், வைத்திரி, மஞ்சிக்கண்டி, படிஞ்ஞாறத்தறை என நான்கு இடங்களில் எட்டு மாவோயிஸ்டுகள் கொல்லப்பட்டனரே, உயிருடன் பிடிக்க முயலும் பயிற்சி அப்படைக்கு எவ்வளவு தரப்படுகிறது, இப்போக்குக்குக் கொள்கை ஏதும் உண்டா என்பன வழக்கு மன்றக் கேள்விகள் அல்ல. பணம் ஒதுக்கும் அவையின் கேள்விகள்.

மாற்றத்துக்கு அரசமைப்புத் திருத்தமோ தில்லியின் ஒப்புதலோ தேவையில்லை. 208-ஆம் பிரிவின்படி தன் நடைமுறை விதிகளை அவையே வகுத்துக்கொள்கிறது. மற்றப் பதின்மூன்று குழுக்களையும் இப்போதைக்கு விட்டுவிடலாம். பதினான்காம் குழுவில் மட்டும் அமைச்சர் தலைவராவதை நீக்கி, பொதுக் கணக்குக் குழுவைப் போல எதிர்க்கட்சி உறுப்பினர் ஒருவரை அமர்த்தலாம். அமைச்சர் எதிரில் அமர்ந்து விடை சொல்லட்டும். காவலில் நேர்ந்த சாவு, மோதலில் நேர்ந்த சாவு ஒவ்வொன்றும் குறித்த நாள்களுக்குள் அக்குழுவுக்கு அறிவிக்கப்பட வேண்டும் என்று விதியில் ஒரு வரி சேர்க்கலாம். ஆண்டுக்கு இருமுறையேனும் குழு மலையேற வேண்டும்: ஓர் அமர்வு அகளியில், ஓர் அமர்வு மூணாற்றிலோ நெடுங்கண்டத்திலோ. தமிழும் இருளமும் அறிந்த மொழிபெயர்ப்பாளர் உடன் இருக்க வேண்டும். சாட்சி சொன்ன மூலமொழி வாசகமும் மலையாள வாசகத்தின் பக்கத்திலேயே பதிவாக வேண்டும். முதல் அமர்வுக்கு அழைக்க வேண்டியவர்களைத் தேடி அலைய வேண்டியதும் இல்லை. மஞ்சிக்கண்டி ஊரார் இன்னும் அங்கேதான் இருக்கிறார்கள்.